புது வீட்டு டிவிக்கு டிஷ்ஷா, இன்டர்நெட்டா? பூச்சு வேலைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்

டிஷ் வைப்பதா, ஃபைபர் இணைப்பிலேயே ஓட்டிக்கொள்வதா என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம்தான் வருகிறது. அதற்குள் பெயிண்ட்டே அடித்து முடிந்திருக்கும். செட்டாப் பாக்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் பைப் இல்லையென்றால் திரும்ப உடைக்க வேண்டியதுதான். ஆகவே எதை வாங்குவதாக இருந்தாலும், இரண்டுக்கும் வழி விட்டுவிடுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து ஹால் டிவி பாயின்ட் வரை 25 மி.மீ. பிவிசி பைப் ஒன்று தனியாக வர வேண்டும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே கேபிளையும் திணிக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதீர்கள். மாடியில் பைப்பின் வாய் கைத்தடிப் பிடி போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் நேராக டிவி பாயின்ட்டுக்கே இறங்கும். தெருப்பக்கச் சுவரிலிருந்து ரவுட்டர் வைக்கும் இடத்துக்கு, உள்ளே இழுகம்பி விட்ட காலி பைப் இன்னொன்று. இதில் எல்போ (வெடுக்கெனத் திரும்பும் மூட்டு) வேண்டாம், பெண்ட் (மெல்ல வளையும் மூட்டு) போடச் சொல்லுங்கள்; ஃபைபரை வெடுக்கென மடித்தால் சிக்னல் போய்விடும். ரவுட்டர் இடத்திலிருந்து ஒவ்வொரு டிவிக்கும் ஒரு கேட்-6 கேபிள் (இன்டர்நெட்டுக்கான லேன் கேபிள்). டிவிக்குப் பின்னால் பிளக் பாயின்ட் குறைந்தது நான்கு இருக்கட்டும்.

மாடியிலிருந்து டிஷ் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்ஜி-6 கேபிள் டிவிக்கு ஒன்று வீதம் தனித்தனியாக வர வேண்டும். கேபிள் டிவிக்குப் போடும் ஸ்ப்ளிட்டரை இங்கே போட்டால் வேலைக்காகாது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு பாக்ஸ்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்த அலைவரிசைத் தொகுதி வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு பாக்ஸ் ஒரே கேபிளில் இருந்தால், ஹாலில் சேனல் மாற்றும்போது பெட்ரூமில் படம் போகும். இரண்டு அவுட்புட் உள்ள எல்என்பியும் இரண்டு கேபிளும்தான் வழி.

அடுத்தது திசை. சென்னையிலிருந்து டாட்டா பிளேவின் செயற்கைக்கோள் (83 டிகிரி கிழக்கு) ஏறக்குறைய நேர் தெற்கில், சுமார் 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் (93.5) தென்கிழக்கில் 68 டிகிரி, ஏர்டெல் (108.2) இன்னும் கிழக்கே தள்ளி 54 டிகிரி. இவ்வளவு உயரம் என்பதால் எதிர்வீட்டு மாடி அவ்வளவாக மறைக்காது. வடக்கு, மேற்கு பார்த்த பால்கனி மட்டும் உள்ள ஃபிளாட்டில் டிஷ் நடக்காது. மொட்டை மாடியில் வைக்க அசோசியேஷன் அனுமதியை முன்பே வாங்குங்கள். தென்னை மரம் பக்கத்தில் இருந்தால் ஒரு வேடிக்கை: காற்றடிக்கும் நேரத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும், மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மட்டை ஆடி குறுக்கே வருவதுதான் காரணம்.

டிஷ் ஸ்டாண்டுக்காகத் தளத்து ஓட்டில் துளை போட விடவே கூடாது. அந்த நாலு ஆங்கர் போல்ட் வழியாகத்தான் அடுத்த மழைக்கு சீலிங் ஒழுகும். கைப்பிடிச் சுவரில் பொருத்தலாம், அல்லது கனமான கான்கிரீட் கட்டை வார்த்து அதில் நிறுத்தலாம். கேபிள் பைப்புக்குள் நுழையும் முன் கொஞ்சம் தொங்கலாக விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஷ் படம் சற்று நேரம் போகத்தான் செய்யும். கொட்டும் மழை செயற்கைக்கோள் சிக்னலை விழுங்கிவிடும். தூறலுக்கே போனால் அது மழையின் குற்றமில்லை: டிஷ் விலகியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள் பகலில் சில நிமிடம் மட்டும் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது என்று அர்த்தம். அதற்கு சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீர்கள்.

இன்டர்நெட் டிவியில் இரண்டு ரகம். ஃபைபர் கம்பெனியே பாக்ஸ் கொடுத்து, வழக்கம்போல் சேனல் நம்பரோடு தருவது ஒன்று. அந்த லைனில் மட்டுமே ஓடும். மற்றது ஆப். ஆப்பில் கிரிக்கெட் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் கேட்கும், விக்கெட் பிறகுதான் விழும்.

கனெக்‌ஷன் எடுக்கும் முன் ஃபைபர் வீட்டுக்குள் வருகிறதா, தெருக் கம்பம் வரை வந்து அங்கிருந்து லேன் கேபிளா என்று கேளுங்கள். லேன் கேபிள் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போகும், உங்கள் வீட்டு இன்வெர்ட்டரால் பிரயோஜனமில்லை. வீட்டுக்குள்ளேயே வரும் ஃபைபர் என்றால், ஃபைபர் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள்.

ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 50 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். ஆனாலும் படம் சுற்றிக்கொண்டு நிற்கிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி வைஃபைதான்: ரவுட்டர் லாஃப்டில், டிவி இரண்டு சுவர் தாண்டி. அதற்காகத்தான் கேட்-6. பல டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 4கே-வுக்கும் அது போதும்.

பணக் கணக்கில் ஃப்ரீ டிஷ்தான் மலிவு, மாதக் கட்டணமே இல்லை. டிடி தமிழ் வரும். சீரியல் பார்க்கும் வீட்டுக்குப் பற்றாது. கட்டண டிஷ்ஷில் சேனல் விலையோடு நெட்வொர்க் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேரும். அந்த நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024-ல் நீக்கிவிட்டதால், கம்பெனிக்குக் கம்பெனி கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டாவது டிவிக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஹாலுக்கு டிஷ்தான் என் ஓட்டு. லாகின், ஓடிபி எல்லாம் இல்லாமல் நம்பரை அழுத்தினால் சேனல் வரும். அவரவர் நேரத்துக்குப் படமும் தொடரும் பார்க்கும் இளம் குடும்பத்துக்கு, எப்படியும் வாங்கப்போகும் ஃபைபரே போதும். முதல் ரீசார்ஜ் ஒரு மாதத்துக்கு மட்டும் போடுங்கள். வருஷச் சலுகைக்கு மயங்க வேண்டாம். டிஷ் பொருத்தியவர் கிளம்புவதற்குள் பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டி பக்கத்தைத் திறந்து, ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் படம் உடையும்போது, அந்த எண் இறங்கியிருந்தால் மாடியைப் பார்க்க வேண்டும்; அப்படியே இருந்தால் பாக்ஸையும் எச்டிஎம்ஐ கேபிளையும்.