மேட்டுப்பாத்தியில் தேறிய தண்ணீர்விட்டான் கொடி

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண். ஐப்பசி மழை வலுத்ததும் தண்ணீர் தேங்கி, தண்ணீர்விட்டான் (சதாவரி) என்ற மூலிகைக் கொடி மஞ்சளடித்துவிட்டது. தோண்டினால், விரல் மொத்தக் கிழங்குகள் கொழகொழவென்று அழுகி ஒரே நாற்றம். இதற்கு மருந்தடித்துப் பயனில்லை, வடிகால்தான் வேண்டும்.

ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் கலந்தேன். (பாதி மக்கிய சாணம் வேண்டவே வேண்டாம், வெள்ளைப் புழு குடியேறிவிடும்.) வெறும் கிழங்கு முளைக்காது, மொட்டுள்ள தண்டடியோடு பிரித்து, இரண்டடி இடைவெளியில் நட்டு, மூங்கில் குச்சி ஊன்றினேன். முள் கையைக் கிழிக்கும், சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த மழையில் வாய்க்கால் நிரம்பியது, கொடி அசரவில்லை. கிழங்கு திரள ஒன்றரை வருடமாவது ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் பெரும்பாடு.