ஜாம்பி வந்தால் குக்கரை ஏற்றாதீர்கள்: பிழைக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் குக்கரைப் பற்றிப் பேசிவிடலாம். செத்த பிறகும் எழுந்து நடந்து, தாம் கடித்தவரையும் ஜாம்பியாக்கிவிடுகிற ஜாம்பிகள் தெருவில் நடமாடும் நாளில் நம் ஊரில் பாதி வீடுகளைக் காட்டிக்கொடுக்கப் போவது அதுதான். ஜாம்பிக்குக் கண் மங்கல், மூளை மந்தம், காது மட்டும் கூர்மை என்பதில் பல ஜாம்பிக் கதைகள் ஒத்துப்போகின்றன. கதவைத் தாழிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டி, குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்போம், அடுப்படியில் துவரம்பருப்பு மூன்றாவது விசில் அடிக்கும். எதிர்வீட்டில் எத்தனை விசில் வந்தது என்று இங்கிருந்தே எண்ணிச் சொல்கிறவர்கள் நாம், அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அதற்கு மாற்று சுலபம். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவையுங்கள், சாதாரணப் பாத்திரத்தில் மூடி போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள், இறக்கி மூடியோடு சேர்த்து இரண்டு கனமான போர்வைகளில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே அரிசி வெந்துவிடும், பருப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். கேஸும் மிச்சமாகும், 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால் அடுத்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் மாடியேறி வரப்போவதில்லை. தாளிப்பதையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கடுகு வெடிக்கிற சத்தம் சின்னதுதான், ஆனால் மின்சாரம் இல்லாத, வண்டி ஓடாத ஊரில் அதுவும் கேட்கும்.

எவ்வளவு நாள் இப்படி இருப்பது? நான் சொல்வது 60 நாள். ஜாம்பியோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். 2009-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ராபர்ட் ஸ்மித் என்ற கணிதப் பேராசிரியர் (தன் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்தே எழுதுகிறவர்) மாணவர்களோடு சேர்ந்து ஜாம்பித் தொற்று பரவுவதை முறையான சமன்பாடுகளாகப் போட்டுப் பார்த்தார். அடிக்கடி, பலமாகத் திருப்பித் தாக்கினால்தான் மனித இனம் பிழைக்கும் என்று விடை வந்தது. நல்ல கணக்குதான், ஆனால் அதில் ஜாம்பி தானாக அழுகிப்போவதற்கு இடமில்லை, மனிதன் அடித்தால்தான் விழும். நம் ஊரில் அப்படியா? கத்திரி வெயிலில் காலையில் வாங்கிய மீன் மதியம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இந்தச் சூட்டில் செத்த உடம்பில் ஈ மொய்க்க நிமிடக்கணக்கு போதும், ஒரு நாளில் புழு வைத்துவிடும், சில வாரங்களில் தசை போய் எலும்புதான் மிஞ்சும். தசை இல்லாமல் ஜாம்பியும் நடக்க முடியாது. மார்கழிக் குளிர் என்றால் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அதையும் சேர்த்துத்தான் 60 என்கிறேன். இந்த 60 நாளைக் கெடுக்கிற எதுவும் தவறு, அவ்வளவுதான் கணக்கு.

அதனால்தான் தண்ணீர். 2011 மே மாதம் அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையம், அரசாங்க நிறுவனம், ஜாம்பி வந்தால் எப்படித் தயாராக இருப்பது என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. படிக்க வந்த கூட்டத்தில் அவர்கள் தளமே படுத்துவிட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் தயாராகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஜாம்பி என்றால் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் செய்த வேலை அது, நான் அதை மனதார மதிக்கிறேன். அவர்கள் எழுதிய பட்டியலில் முதல் பொருள் தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர்.

இப்போது உங்கள் மொட்டைமாடிக்கு வாருங்கள். 1000 லிட்டர் தொட்டி, வீட்டில் நாலு பேர். ஆளுக்கு 4 லிட்டர் என்றால் நாளைக்கு 16 லிட்டர், 60 நாளுக்கு 960. தொட்டி நிறைந்திருந்தால் அளவெடுத்த மாதிரி சரியாக வருகிறது! ஆனால் முதல் நாள் நாம் என்ன செய்வோம்? பதற்றத்தில் வியர்த்துப்போய் எல்லோரும் ஒரு குளியல் போடுவோம், கழிவறையில் ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் அழுத்துவோம், ஒரு அழுத்தலுக்கு 6 முதல் 10 லிட்டர். மூன்றாம் நாள் குழாயில் காற்றுதான் வரும். தண்ணீர் லாரி வராது, மின்சாரம் போய்விட்டால் போர் மோட்டாரும் ஓடாது. ஆகவே செய்தி கேட்டதும் முதல் வேலையாக மாடிக்கு ஏறிப்போய்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற வால்வை மூடுங்கள். தேவைப்படும்போது குடத்தில் பிடித்து இறக்கிக்கொள்ளலாம். கழிவறைக்கு சம்ப்பில் இருக்கிற தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றுங்கள், குடிக்கிறதைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அடுக்குமாடியில் தொட்டி எல்லோருக்கும் பொது என்பதால், அன்றைக்கே மாடியில் எல்லா வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்துப் பங்கு பேசிவிட வேண்டும். பராமரிப்புக் கட்டணத்துக்காக ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டாம் மாடிக்காரரோடும்தான்.

மருந்தை மறப்பது அடுத்தது. பிரஷர், சுகர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு வருகிற அளவு முன்கூட்டியே கையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஒரு பெரிய மண்பானை, உள்ளே ஒரு சின்னப் பானை, நடுவில் ஈரமணல், மேலே ஈரத்துணி. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, வெயிலில் இருந்து காக்கும்.

அப்புறம் கடைக்கு ஓடுவது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள், 26-ஆம் தேதியில் இருந்து. முந்தின நாள் காய்கறி வாங்க ஊரே கூடியது, தோளோடு தோள் இடித்தது. மே மாதம் கோயம்பேடு சந்தையில் இருந்து கிளம்பிய தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது. எதிலிருந்து தப்பிக்க ஓடினோமோ அதைப் பையில் போட்டு எடுத்துவந்த மாதிரி. ஜாம்பி விஷயத்திலும் மளிகைக் கடை வாசலில் நிற்கிற இருநூறு பேரில் ஒருவர் கடிபட்டவராக இருந்தால் போதும். வீட்டில் இருக்கிற அரிசி, கோதுமை, வெல்லம், ஊறுகாய், வடகம் எவ்வளவு நாள் வரும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலான நம் வீடுகளில் நினைப்பதைவிட அதிகம் இருக்கும்.

‘ஊருக்குப் போயிடலாம்’ என்கிற ஆசையும் எல்லோருக்கும் வரும். எனக்கும் வரும், ஊரில் கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆய்வாளர்கள் போட்ட கணக்கும் இதைத்தான் சொன்னது: நகரங்கள் சீக்கிரம் விழும், ஆள் குறைந்த மலைப்பகுதிகள் மாதக்கணக்கில் தாங்கும். நம் பக்கம் என்றால் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு, கால் இழுத்து நடக்கிற ஜாம்பிக்கு அதில் ஏறுவதற்குள் பாதி உடம்பு உதிர்ந்துவிடும். எல்லாம் சரி, ஆனால் போவது எப்படி? தீபாவளிக்கு முந்தின ராத்திரி தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டிப் பரனூர் சுங்கச்சாவடி வரைக்கும் ஊர்ந்து போன அனுபவம் இருக்கிறதா? அதே கூட்டம், அதே வரிசை, கூடவே ஹாரன் சத்தம். நடுரோட்டில் கண்ணாடி ஏற்றிய காரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் டிபன் பாக்ஸில் வைத்த இட்லி மாதிரிதான். முதல் செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள். முடியாவிட்டால் 60 நாள் கழித்துத்தான்.

ஆயுதம் என்றதும் எல்லோரும் அரிவாளைத் தேடுவார்கள். அரிவாள் வேண்டாம். அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதை வெட்ட, உங்கள் கைக்கு எட்டுகிற ஜாம்பிக்கு நீங்களும் எட்டுவீர்கள், ரத்தம் வேறு முகத்தில் தெறிக்கும். மாங்காய் பறிக்கிற தொரட்டி இருக்கிறதே, அதுதான் நல்லது. நெஞ்சில் ஊன்றித் தள்ளி, கிரில் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டால் போதும். வெளியே போக நேர்ந்தால் லுங்கி, துப்பட்டா, ஹவாய் செருப்பு கூடாது, பிடித்து இழுக்க வாகாக எதையும் தொங்கவிடாதீர்கள். ஜீன்ஸ், ஷூ, அப்புறம் ஹெல்மெட், தலையில்.

இதில் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தள்ளாடி வருகிறவரெல்லாம் ஜாம்பி இல்லை. சர்க்கரை இறங்கினவர் தள்ளாடுவார், வெயில் தாக்கினவர் உளறுவார், பக்கவாதம் வந்தவருக்கு வாய் கோணி ஒரு கால் இழுக்கும். ஜாம்பி என்ற பேச்சே கிளம்பிவந்த கரீபியன் நாடான ஹைட்டியில் கிளேர்வியஸ் நார்சிஸ் என்றொருவர், 1962-இல் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் எழுதி அடக்கமும் செய்தார்கள், 1980-இல் ஊர்ச் சந்தையில் தன் சகோதரி முன்னால் வந்து நான்தான் என்று நின்றார். அங்கே ஜாம்பி என்பது கடிக்கிற பூதம் இல்லை, அடிமையாக்கப்பட்ட ஒரு பாவப்பட்ட மனிதர். ஆகவே கம்பைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டே, ‘அண்ணே, பேரு என்ன?’ என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் வந்தால் அவர் மனிதர்தான், சர்க்கரை இறங்கினவர் என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இடம் மாறுவதும் பெரிய தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பித்துத் தெருவில் நீந்துகின்றன என்று பரப்பினார்கள், பண்ணைக்காரர்கள் மறுப்பு சொல்ல வேண்டியிருந்தது. பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள், ஆகாசவாணியைக் கேளுங்கள், சத்தத்தைக் குறைத்து.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, கடிபட்டதை மறைப்பது. இதை எனக்கு ஜாம்பி சொல்லித் தரவில்லை, தெருநாய் சொல்லித் தந்தது. ஏழாவது படிக்கும்போது டியூஷன் விட்டு வருகிற வழியில் கெண்டைக்காலில் கடித்தது. இரண்டு பல் இறங்கிய இடம், பொட்டு வைத்த மாதிரி. வீட்டில் சொன்னால் திட்டுவார்கள், ஊசி போடுவார்கள். காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டி பார்த்துவிட்டார், ஓடிப்போய்ச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்தார். அப்பா அதைத் தடுத்து அந்த நேரத்திலேயே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘சோப்புப் போட்டுக் கழுவினியா, எவ்வளவு நேரம்?’

நிஜத்தில் ஜாம்பிக்கு மிகவும் நெருக்கமான நோய் வெறிநாய்க்கடிதான். கடியில் பரவுகிறது, மூளைக்குப் போகிறது, ஆளை மாற்றுகிறது, அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் ஜாம்பிக் கிருமி போல நிமிடத்தில் வேலையைக் காட்டாது, பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும், அந்த இடைவெளியில்தான் தடுப்பூசி நம்மைக் காப்பாற்றுகிறது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஊசி இலவசம், சொல்கிற தேதியெல்லாம் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். குன்னூரில் 1907-லேயே இதற்கென்று பாஸ்டர் நிலையம் வைத்த ஊர் நம்முடையது, இன்னும் சுண்ணாம்பைத் தேடுவதில் அர்த்தமில்லை.

ஜாம்பிக் காலத்திலும் மறைப்பது நம் வீட்டு மனிதர்கள்தான். அம்மா முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, ‘ஒண்ணுமில்லடா, அரிவாள்மணை பட்டிடுச்சு’ என்பார். வெண்டைக்காய் தீர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும், நறுக்குவதற்கு வீட்டில் ஒரு காய் இருக்காது. பயத்தால் இல்லை, நம்மைக் கவலைப்படுத்தக்கூடாது என்றுதான் மறைப்பார். அதனால் முதல் நாளே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கடி பட்டால் உடனே சொல்வது, சொன்னவரை ஒரு வார்த்தை திட்டாமல் இருப்பது. வெளியே தாழ்ப்பாள் இருக்கிற ஒரு அறை, தண்ணீர், பிஸ்கட், பாய், தலையணை, ஒரு முழு நாள். கதவுக்கு இந்தப் பக்கம் யாராவது மாற்றி மாற்றி உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பழைய கதை, கல்யாணக் கதை, எதுவானாலும். உள்ளே இருந்து ‘அது அப்படி இல்லடா, உங்க பெரியப்பாதான் அன்னைக்கு லேட்டா வந்தார்’ என்று திருத்தம் வருகிற வரைக்கும் அம்மா நம் அம்மாதான்.

61-ஆம் நாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவிடாதீர்கள், இரண்டு மாதம் பொறுத்தவர்கள் அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்வார்கள். மீதி இருக்கிற பருப்பைக் குக்கரில் போட்டு, அடுப்போடு மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் ஏற்றுங்கள். படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் குனிந்து உட்கார்ந்து தெருவின் இரண்டு முனைகளையும் பாருங்கள். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். எதுவும் வரவில்லை என்றால் கீழே இறங்கலாம். அடுத்த தெருவில் இருந்து இன்னொரு குக்கர் பதில் விசில் அடித்தால், ஒரு பாத்திரத்தில் பருப்பை எடுத்துக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.