பத்து வெண்பன்றிகளைக் கிறிஸ்துமஸுக்குள் தேற்றுவது எப்படி?

களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் நடுவே, வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் பத்து வெண்பன்றிகள் வளர்க்கிறேன். ஆண்டுக்கு ஒரே ஈடுதான். ஜூன் கடைசியில் இரண்டு மாதக் குட்டிகளை வாங்குவேன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் விற்றுவிடுவேன். தொடங்கிய புதிதில் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முதல் ஈட்டின் கணக்கைப் பார்த்த பிறகு மச்சினரே குட்டி விலை விசாரித்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொட்டகை கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. வழுக்காத சிமெண்ட் தரை, வெயில் இறங்காத கூரை, சாணம் ஓட ஒரு சரிவு இருந்தால் போதும்.

படி 1: குட்டி

யார்க்‌ஷயர் கலப்பு வாங்குங்கள். எட்டு வார வயது, பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, வால் பக்கம் கழிச்சல் கறை இருக்கக் கூடாது. ஆண் குட்டி என்றால் காயடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு கறியில் வாடை அடிக்கும், வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். வீட்டுக்கு வந்த வாரத்தில் குடற்புழு மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

படி 2: தண்ணீர்

தீவனத்துக்கு முன்னால் தண்ணீர். இந்த வரிசையை நான் இரண்டு பன்றிகளைப் பறிகொடுத்துக் கற்றேன்.

அது ஆடி மாதம். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு நாலு டிரம் வந்தது. சோறு, சாம்பார், அப்பளம், அடியில் கை கையாக ஊறுகாய். இலவசமாக வந்ததே என்று தொட்டி நிறையக் கொட்டினேன். அன்றிரவே மோட்டார் காயில் எரிந்துபோனது எனக்குத் தெரியாது. மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. பன்றிகளோ கண் தெரியாதவை போலச் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நாயைப் போலக் குந்தி உட்கார்ந்து, தலையைப் பின்னால் இழுத்து இழுத்து விழுந்தது. வெக்கை தாங்கவில்லை என்று நினைத்துப் பக்கத்துத் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, போதும் போதும் என்கிற அளவுக்குக் குடிக்கவிட்டேன். விடிவதற்குள் இரண்டு செத்துவிட்டன.

மருத்துவர் வந்து தொட்டியில் கிடந்த ஊறுகாயைப் பார்த்ததும் சொல்லிவிட்டார், இது உப்பு நஞ்சு. தாராளமாகத் தண்ணீர் கிடைத்தால் பன்றி கொஞ்சம் அதிகமான உப்பையும் சிறுநீரில் தள்ளிவிடும். தண்ணீர் நின்றால் உப்பு இரத்தத்திலும் மூளையிலும் ஏறுகிறது. அந்த நிலையில் திடீரென்று வயிறு முட்டக் குடிக்கவிட்டால் தண்ணீர் மூளைக்குள் பாய்ந்து வீக்கம் கண்டுவிடும். நான் நல்லது என்று செய்ததுதான் கடைசி அடி. மிச்சமிருந்தவற்றுக்கு அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு நாள் முழுக்கக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டன.

அன்று முதல் என் ஏற்பாடு இதுதான். வேப்பமர நிழலில் 500 லிட்டர் தொட்டி. அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் எவர்சில்வர் நிப்பிள், பன்றி வாயால் அமுக்கினால் தண்ணீர் வரும். சிமெண்ட் தொட்டியை நான் விட்டுவிட்டேன். பன்றி அதில் இறங்கிப் படுக்கும், பிறகு அதையே குடிக்கும். நிப்பிள் பன்றியின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும், வளர வளர உயர்த்துங்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்புப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கருப்புக் குழாயை வெயிலில் கிடத்தாதீர்கள். மதியம் கொதிக்கிற தண்ணீரை எந்தப் பன்றியும் வாய் வைக்காது, அதுவும் தண்ணீர் இல்லாததற்குச் சமம்தான். தின்னும் உலர் தீவனம் ஒரு கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள், கோடையில் அதற்கும் மேல்.

படி 3: அடர்தீவனம்

பத்துப் பன்றிக்குக் கடைத் தீவனம் வாங்கினால் லாபம் கடைக்காரருக்குத்தான். நானே அரைக்கிறேன். 50 கிலோ எடை வரை நூறு கிலோவுக்கு: மக்காச்சோளம் 55, தவிடு 20, கடலைப் பிண்ணாக்கு 18, மீன்தூள் 5, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாப்பாட்டு உப்பு அரைக் கிலோ. 50 கிலோவைத் தாண்டியதும் மக்காச்சோளம் 50, தவிடு 35, பிண்ணாக்கு 11, மீன்தூள் 2 என்று மாற்றிக்கொள்ளுங்கள், மற்ற இரண்டும் அப்படியே. முதல் கலவையில் புரதம் சுமார் 17 சதவீதம், அடுத்ததில் 14.

மீன்தூள் நாறுகிறது என்று முழுவதும் விட்டுவிடாதீர்கள். கடலைப் பிண்ணாக்கில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, சதை வைக்க அது வேண்டும். ஆனால் உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டை அரைத்து மலிவாக விற்பார்கள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கலவையில் சேர்க்கும் அரைக் கிலோ உப்பை நிறுத்திவிடுங்கள். மிகவும் கரித்தால் வாங்கவே வேண்டாம்.

பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்த மூட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், குப்பைக்குழியில் போடுங்கள். தவிட்டை ஆலையிலிருந்து வாராவாரம் புதிதாக வாங்குங்கள். வைத்திருந்தால் எண்ணெய் சிக்கு வாடை ஏறிவிடும்.

அளவு: 25 கிலோப் பன்றிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ, 50 கிலோவுக்கு இரண்டு, அதற்கு மேல் இரண்டரை முதல் மூன்று. காலை மாலை எனப் பிரித்து வையுங்கள்.

படி 4: ஹோட்டல் கழிவு

அத்தனையும் அடர்தீவனம் என்றால் கட்டுப்படியாகாது, பாதியையாவது ஹோட்டல் கழிவில் ஈடுகட்ட வேண்டும். அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஒரு கிலோ தீவனத்துக்குப் பதில் நாலு கிலோ கொட்டினால்தான் சரியாகும். டிரம்மைச் சாய்த்து ஊறுகாய், அப்பளம், பிளாஸ்டிக், எலும்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம், கிளறிக்கொண்டே வேகவையுங்கள். பன்றி இறைச்சி கலந்த கழிவை மட்டும் வேகவைத்தும் கொடுக்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அஸ்ஸாமில் நுழைந்தது, 2022இல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. படி 1இல் சொன்ன பன்றிக் காய்ச்சல் வேறு, இது வேறு. இதற்குப் போட நம்மிடம் தடுப்பூசி கிடையாது. வந்தால் கொட்டகையே காலியாகிவிடும். அதனால்தான் வியாபாரியையும் அவர் செருப்பையும் கொட்டகை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துகிறேன்.

களக்காட்டுப் பக்கம் கழிவு வாழைக்காய்க்குப் பஞ்சமில்லை, வேகவைத்துக் கொடுத்தால் விரும்பித் தின்னும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது. சீவி வெயிலில் நன்றாகக் காயவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள்.

படி 5: எடை

பன்றியைத் தராசில் ஏற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும் அந்தக் கூத்து. தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதடியிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிலோ. சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் ஏறக்குறைய 53 கிலோ. பன்றி தின்றுகொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் இருக்கையில் அளக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அளந்து சுவரில் கரியால் எழுதிவைக்கிறேன். எண் ஏறாவிட்டால் முதலில் நிப்பிளைப் பார்ப்பேன், அடுத்தது குடற்புழு, அதற்கும் பிறகுதான் தீவனம்.

பிற்சேர்க்கை: திசையன்விளைப் பக்கத்து வாசகர் ஒருவர், எங்கள் கிணற்றுத் தண்ணீரே கரிக்கிறதே என்று கேட்டிருந்தார். கலவையில் சாப்பாட்டு உப்பைச் சேர்க்காதீர்கள், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். தாது உப்புக் கலவை வேறு, சாப்பாட்டு உப்பு வேறு. பெயரைப் பார்த்துக் குழம்பி அதையும் நிறுத்திவிட்டதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதை மறுபடி சேருங்கள் ஐயா.

படி 6: ஏற்றுவது

75 கிலோவைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் தீவனச் செலவு கூடிக்கொண்டே போகும், ஏறுவதில் கொழுப்பும் அதிகம். நான் 80, 85இல் நிறுத்திக்கொள்கிறேன். வண்டி வருவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். பன்றிக்கு வியர்க்காது என்பதால் பகலில் ஏற்றினால் வழியிலேயே மூச்சிரைத்து விழும். சென்ற முறை வியாபாரி காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். அதிகாலை நாலு மணிக்கு வந்தால் சரக்கு, இல்லாவிட்டால் இல்லை என்றேன். மூன்றரைக்கே வந்து ஹாரன் அடித்தார்.