வாசிப்பு மாரத்தானா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டு நண்பர்கள் நடத்தும், அன்றன்று படித்த பக்கங்களைக் கணக்கு வைக்கும் வாசிப்பு மாரத்தானில் மொரீசியஸிலிருந்து சேருகிறீர்களா? நாம் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அங்கே நள்ளிரவில் அன்றைய கணக்கை மூடினால் நமக்கு இரவு 10.30க்கே ஆட்டம் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்காரலாம் என்று நினைத்தால் கோவிந்தா!

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? தபாலில் வரவழைத்தால் மாரத்தான் முடிந்த பிறகுதான் வந்து சேரும். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னூலாக்கித் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நாவல்கள், சிறுகதைகள் வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போனில் படிப்பதானால் பிடிஎஃப் வேண்டாம், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரியும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு இருந்தால் அதை எடுங்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். புயல் வந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும்.

நான் இப்போதெல்லாம் ஒரு பெரிய நாவலையும் ஒரு சிறுகதைத் தொகுப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் போகும் மெட்ரோவில் சிறுகதை, இரவில் நாவல். கூட்ட நெரிசலில் நாவலைத் திறந்தால் பாத்திரங்களின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. பக்க எண்ணிக்கைக்காக ஓடுவது எனக்குப் பிடிக்காது, அது உங்கள் விருப்பம்.

வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டும் பக்கங்களும் கணக்கில் சேருமா என்று, நடத்துபவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.