பிள்ளைக்கு முதல் வயலின்: வாங்கும்போது விடுகிற தவறுகள்

விஜயதசமிக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் அநேகம் வீடுகளில் வயலின் பேச்சே எழும். பிறகு அவசரத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பிள்ளையை ஆசிரியரிடம் கூட்டிப்போவார்கள்.

பெரிய பிழை அளவில்தான். பள்ளிக்கூடச் சட்டை தைப்பது மாதிரி, "வளருற பிள்ளைதானே" என்று முழு அளவு வயலினை வாங்கிவிடுகிறோம். கால், அரை, முக்கால் என்று சின்ன அளவுகளும் உண்டு. ஏழெட்டு வயதுக்குப் பொதுவாகக் கால் அல்லது அரை போதும். வயலினைத் தோளில் வைத்து இடக்கையை நேரே நீட்டச் சொல்லுங்கள். அதன் சுருள்தலை மணிக்கட்டுக்கோ உள்ளங்கை நடுவுக்கோ வந்தால் சரி. விரல் நுனியைத் தொட்டால் பெரிது. நாங்கள் சப்பாணி கட்டி, சுருளை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் கனம் தெரியாது. ஆனால் கை எட்டாதது, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பளபளப்பு. என் மகளுக்கு இணையத்தில் படம் பார்த்து ஒன்று வாங்கினேன். சிவப்பு வார்னிஷ், பெட்டி, வில், வில்லுக்குப் பூசுகிற ரோசின் எல்லாம் சேர்த்தே மலிவு. மூன்றாம் நாள் பார்த்தால் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் கறுப்பு. விரற்பலகை கருங்காலி இல்லை, ஏதோ வெளிர் மரத்துக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். (கருங்காலி நம்முடைய காடுகளிலேயே வளருகிற மரம் என்பது வேறு கதை.) எஃப் வடிவத் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை.

திருகோணமலையில் பிருடையை, அதாவது தந்தியை முறுக்குகிற மரத்திருகை, சோதிக்காமல் வாங்கவே கூடாது. கச்சான் காற்று அடிக்கும்போது மரம் காய்ந்து சுருங்கிப் பிருடை நழுவும். மாரியில் ஊதி இறுகித் திருகவே விடாது. கடையில் நாலையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள், விட்ட இடத்தில் நிற்கவேண்டும். தந்திகளின் அடிப்பக்கத்தில் சிறு சுருதித் திருகுகள் நாலும் இருந்தால் சின்னக் கைக்குப் பெரிய உதவி. உவர்மலைப் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் உருக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் துணியால் துடைக்கப் பழக்குங்கள்.

வில்லையும் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். பக்கவாட்டில் கோணியிருந்தால் வேண்டாம்.

கொழும்பிலிருந்து கொண்டுவருகிறவர்கள், பஸ்ஸில் உடைந்துபோகும் என்று பயந்து நாலு தந்தியையும் கழற்றிவிடுவதுண்டு. தந்திகளைத் தாங்குகிற குதிரையும் உள்ளே நிற்கிற மரக்குச்சியும் பசை போட்டு ஒட்டியவை அல்ல, தந்தியின் இறுக்கத்தில் நிற்பவை. கழற்றினால் குதிரை சாயும், குச்சியும் விழலாம். பழைய வயலின் வாங்குவதென்றால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அநேகமாக அந்தக் குச்சிதான். அதை நிமிர்த்தி வைக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.