உபின் தீவுக்கு ஒரு நாள்: புதிதாகப் போகிறவர்கள் தவறாமல் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் உபின் தீவுக்குப் படகு கிளம்பும் சாங்கி பாயிண்ட் முனையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அரைமணி நேரம் நின்றால் போதும். ஏழெட்டுக் கூட்டாளிகள் ஒன்றாக வந்து இறங்குவார்கள். ஒருவர் காசு எடுக்க ஏடிஎம் தேடி ஓடுவார். ஒருவர் ரப்பர் செருப்போடு வந்திருப்பார். இன்னொருவர் "செக் ஜாவா பார்க்காம வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வாரம் ஆள்கள் மாறுவார்கள், காட்சி மாறாது.

தொப்பி, கொசு மருந்து, குடை பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. அவற்றை மறந்தால் வெயிலும் கொசுவுமே சொல்லிக்கொடுத்துவிடும். போனவர்கள்கூடத் தவறென்று உணராமல் திரும்பிவரும் தவறுகள்தான் இங்கே பெரும்பாலும்.

படகுக்கு நேர அட்டவணை உண்டென்று நினைப்பது

கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பம்போட் என்ற சிறு மோட்டார் படகு கிளம்பும், அவ்வளவுதான். தலைக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிள் கொண்டுபோனால் கூடுதலாக 2 வெள்ளி. பயணம் பத்துப் பதினைந்து நிமிடம். வாரயிறுதிக் காலையில் ஆள் நிறைய நேரமாகாது. வார நாளில் ஐந்து பேராகப் போய் நின்றால் மீதி ஏழு பேருக்கு அரைமணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். அவசரமென்றால் காலி இடங்களுக்கும் சேர்த்து நீங்களே கொடுத்து, மொத்தம் 48 வெள்ளியில் கிளம்பலாம். ஆறு பேர் இருந்தால் தலைக்கு 8 வெள்ளி. போக வரக் கணக்குப் பார்த்தால் மலிவுப் பயணம் அங்கேயே அடிபட்டுப்போகும்.

பதின்மூன்று பேராகக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஒருவர் அடுத்த படகில்தான் வரவேண்டும். யார் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று: அதே முனையத்திலிருந்து மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் பெங்கராங்குக்கும் படகு போகிறது. கடவுச்சீட்டு அந்த வரிசைக்குத்தான். உபினுக்கு வேண்டாம்.

வற்றம் பார்க்காமல் செக் ஜாவாவுக்குப் போவது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இது. தவிர்க்க ஒரு காசு செலவில்லை, கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை. ஆனால் செய்துவிட்டால் அன்றைய நாள் போனது போனதுதான்.

தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுத் திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மண்ணைக் கொட்டி நிலமாக்க இருந்த இடம். 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்த வேலையை ஒத்திவைத்தது. 2007-ல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் பலகைப் பாதை திறக்கப்பட்டது. இவ்வளவு பேர் பெற்ற இடத்தில் முக்கியமானதெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நீர் இறங்கினால்தான் கடற்புல் தெரியும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் வெளியே வரும், சேற்றில் மீன் துள்ளும். நீர் ஏறி நிற்கும் நேரத்தில் போனால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பார்க்கிற அதே பச்சைத் தண்ணீர்தான். அதைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல, சும்மா பேர்தான்" என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறவர்கள் ஏராளம்.

செக் ஜாவா பார்க்க வற்றம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குத் தேசியப் பூங்காக் கழகம் சொல்லும் அளவு 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே. இது நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழமல்ல. கடல் வரைபடத்துக்காக வைத்திருக்கும் அடிமட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு. கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் 1.2 என்று போட்டிருந்தால், "வற்றம்" என்று பெயர் இருந்தாலும் திட்டு வெளியே தெரியாது. நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மீட்டரைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

சிங்கப்பூர்க் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது போன சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வற்றிக் கிடந்த இடத்தில் இந்தச் சனிக்கிழமை அதே நேரத்துக்குத் தண்ணீர் நிறைந்து நிற்கும். "போன வாரம் என் கூட்டாளி நாலு மணிக்குப் போனான், பிரமாதமா இருந்துச்சாம்" என்ற பேச்சை நம்பிப் போனால் இப்படித்தான் ஆகும். பயணத்தைத் தள்ளிப்போடுவதென்றால் ஒரு வாரம் தள்ளாதீர்கள், இரண்டு வாரம் தள்ளுங்கள்.

நாள் குறிக்க நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ஆழமாக வற்றும். அட்டமி, நவமி வாக்கில் சந்திரனும் சூரியனும் கடலை ஆளுக்கொரு பக்கமாக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அட்டமி நவமியில் காரியம் ஆகாது என்று பாட்டி சொன்னால் சிரிக்கிறோம். செக் ஜாவா விஷயத்தில் பாட்டி கட்சிதான் சரி.

மீதிப் பாதியை அட்டவணைதான் சொல்லும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் இங்கே பெரிய வற்றம் விடியற்காலையை ஒட்டியும் பிற்பகல் முடியும் நேரத்தை ஒட்டியும் விழும். நண்பகலுக்கு முன்பு நீர் ஏறி நிற்கும். திதியைச் சரியாகப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் பத்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்குப் போய் நின்றால் அன்றைய ஏற்றத்தைத்தான் பார்ப்பீர்கள். செக் ஜாவா திறந்திருப்பது காலை 8.30 முதல் மாலை 6 வரை. அந்த நேரத்துக்குள் 0.5-க்குக் கீழே இறங்கும் நாள்கள் குறைவு. முதலில் அந்த நாளைக் கண்டுபிடியுங்கள், பிறகு குழு அரட்டையில் யாருக்கு எப்போது விடுப்பு என்று கேளுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாள் கிடைத்ததும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மாலை 4.20-க்கு 0.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகைப் பாதையில் 3.20-க்கு நிற்க வேண்டும், கடைசி ஒரு மணி நேர இறக்கத்தில்தான் அதிகம் தெரியும். படகுத்துறை ஊரிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரம், பாதையின் மேடு பள்ளத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினால் 2.40. சைக்கிள் பார்த்து எடுக்க 20 நிமிடம், 2.20. படகுக்குக் காத்திருக்க அரைமணி, கடக்கக் கால் மணி, ஆக 1.35-க்குச் சாங்கியில். அப்படியானால் மதியச் சாப்பாட்டைச் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் முடித்துவிடலாம். தீவில் கடலுணவுக்குக் கொடுக்கும் விலையும் மிச்சம்.

உள்ளே போனதும் நேரே 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்துக்கு ஏறிப் படம் எடுப்பது இன்னொரு அபத்தம். கோபுரம் எங்கும் போகாது, நீர் திரும்பிவிடும். முதலில் கடலோரப் பாதை, அடுத்து சதுப்புநிலப் பாதை, கடைசியில் கோபுரம். பலகையை விட்டுக் கீழே இறங்காதீர்கள். அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் நண்டைக் குனிந்து இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தால் அதுவே வளையிலிருந்து வெளியே வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள், பாதையில் பழுதுபார்ப்பு வேலை ஏதும் நடக்கிறதா என்று பூங்காக் கழகத்தின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாருக்கும் ஒத்துவரும் நாளில் வற்றம் அமையவில்லையென்றால் செக் ஜாவாவை விட்டுவிடுங்கள். மேற்குப் பக்கம் போனால் பெக்கான் குவாரியில் நாரைகள், 75 மீட்டர் உயரப் புவாக்கா குன்றிலிருந்து உபின் குவாரியின் நீர்ப்பரப்பு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இந்தத் தீவின் கருங்கல்தான் போனது. கல்லெடுத்த பள்ளங்கள்தான் இன்று ஏரிகளாக நிற்கின்றன. இருவாச்சிகள் எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும், அவை ஓதம் பார்ப்பதில்லை.

விலை கேட்டு சைக்கிள் எடுப்பது

படகுத்துறையிலிருந்து நடந்தவுடன் கடைகள் வரிசையாக இருக்கும். நாள் வாடகை சுமார் 10 வெள்ளியில் தொடங்கும். நான்கு வெள்ளி குறைவு என்று எடுத்த வண்டி, செக் ஜாவாவுக்குப் போகும் கற்சரளைப் பாதையில் சங்கிலி கழன்றால் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வரவேண்டும். காசு கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்: பிரேக் பிடியை முழுக்க அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளினால் சக்கரம் உருளக்கூடாது, பின் பிரேக்குக்கும் அப்படியே. டயரைக் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகக்கூடாது. இருக்கை இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முதல் ஏற்றத்திலேயே முழங்கால் சொல்லிவிடும். பிறகு ஐம்பது மீட்டர் ஓட்டி, மிதித்துக்கொண்டே எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். நின்ற இடத்தில் மாற்றினால் ஒன்றும் தெரியாது.

எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். கூடை வைத்த வாடகை வண்டியோடு கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான பாதைக்குள் போகாதீர்கள். கடையின் தொலைபேசி எண்ணையும் வண்டியையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொண்டால், பழுதானால் கூப்பிடலாம், திரும்பும்போது யார் வண்டி எந்தக் கடை என்ற குழப்பமும் இராது. செக் ஜாவா நுழைவாயிலுக்கு மேல் சைக்கிளுக்கு அனுமதியில்லை.

காசு

ரொக்கம். தலைக்கு 35 வெள்ளி, இரண்டும் ஐந்துமான நோட்டுகளாக. தீவில் ஏடிஎம் இல்லை.

தண்ணீர்

ஆளுக்கு ஒன்றரை லிட்டர், சாங்கியிலேயே வாங்கி. தீவுக்குக் குழாய் நீர் இணைப்பு கிடையாது.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடுவது

சைவம் சாப்பிடுகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனை. அதைச் சைக்கிள் கூடையில் பிளாஸ்டிக் பையோடு விட்டுவிட்டுப் பலகைப் பாதைக்குப் போவது அல்ல. குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் பையின் சரசரப்பே அழைப்பு மணி. மூடியிட்ட டப்பாவில் போட்டு, முதுகுப்பையில், முதுகில். பன்றிக்கு ஒரு கவளம் போட்டுப் படமெடுக்க ஆசைப்படுகிறவர் கவனிக்க: வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம்.

ரப்பர் செருப்பு

வேண்டாம்.

கடைசிப் படகு வரை இருக்கலாம் என்று நினைப்பது

ஞாயிறு மாலை நாலரைக்கு மேல் திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே துறைக்குத்தான் வருவார்கள். வரிசை நீளும். இருட்டிவிட்டால் பன்னிரண்டு பேர் சேருவது கடினம், முழுப் படகுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும். இடி மின்னல் வந்தால் அது ஓயும்வரை காத்திருக்கவும் நேரலாம். மாலை வற்றம் பார்க்கப் போகிறவர்கள் ஐந்து மணிக்குச் செக் ஜாவாவிலிருந்து கிளம்பி, ஐந்தேமுக்காலுக்குள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். சைக்கிள் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தானா மேராவுக்கு 2-ம் எண் பேருந்தும் தெம்பனிசுக்கு 29-ம் எண்ணும் சாங்கி வில்லேஜிலிருந்து கிடைக்கும், படகு முனையத்திலிருந்து சில நிமிட நடை.