மார்டினிக்கு கிரிஸ்டல் கிளாஸ் வாங்குகிறீர்களா? முதலில் மில்லியைப் பாருங்கள்

கடையில் பளபளவென்று நிற்கும் மார்டினி கிளாஸ்களில் பல, மார்டினி என்ற காக்டெயிலுக்கு லாயக்கில்லாதவை. அழகில் குறையில்லை, அளவுதான் பெரிசு. அதனால் பிராண்ட், வேலைப்பாடு எல்லாம் அப்புறம்.

படி 1: கொள்ளளவு

சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறைப்படி டிரை மார்டினிக்கு 60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத் (மூலிகை மணமூட்டிய, இனிப்புக் குறைந்த ஒயின்). ஐஸோடு கலக்கும்போது உருகும் தண்ணீரும் சேர்ந்து, வடிகட்டினால் சுமார் 90 மில்லி வரும். இதற்கு 150 முதல் 180 மில்லி கிளாஸ் போதும். அவுன்ஸில் எழுதியிருந்தால் 5 அல்லது 6.

இங்கே பள்ளிக்கூடக் கூம்புக் கணக்கு உதவும். V வடிவக் கிளாஸில் பாதி உயரம் வரை ஊற்றினால் எட்டில் ஒரு பங்குதான் நிரம்பும். பாதிக் கொள்ளளவு நிரம்ப 80% உயரம் வர வேண்டும். ஆக, 180 மில்லி கிளாஸில் 90 மில்லி ஊற்றினால் பார்க்க நிறைவாக இருக்கும், தளும்பாது, ஆலிவ் போடவும் இடமிருக்கும். அதே 90 மில்லி, 300 மில்லி கிளாஸில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நின்றுவிடும். என்னடா, கஞ்சத்தனமாகத் தெரிகிறதே என்று கை தானாக இன்னும் ஊற்றும். மிச்சமிருக்கும் அந்த மேல்பகுதியில் மட்டும் 210 மில்லி பிடிக்கும்! கிளாஸில் ஐஸ் கிடையாது என்பதால், குடித்து முடிப்பதற்குள் கடைசிப் பாதி வெதுவெதுப்பாகிவிடும்.

படி 2: வடிவம்

V வடிவம்தான் எல்லோருக்கும் தெரிந்த மார்டினி முகம். ஆனால் வாய் அகலம், கொஞ்சம் அசைந்தாலும் சிந்தும். நாலு பேர் நின்று பேசிக்கொண்டே குடிக்கும் வீடென்றால் உருண்டையான கூப் வாங்குங்கள். வாய் குறுகிய, மணி போன்ற சின்ன நிக் அண்ட் நோரா அதைவிடப் பத்திரம். என் ஓட்டு அதற்குத்தான்.

எதை எடுத்தாலும் காம்பைப் பிடித்துப் பாருங்கள். கிண்ணத்தில் உள்ளங்கை படாமல் விரல்கள் வசதியாக நிற்க வேண்டும். கைச்சூடு பானத்துக்குப் போகாமல் தடுப்பதே காம்பின் வேலை.

படி 3: எந்த கிரிஸ்டல்?

ஐரோப்பிய விதிப்படி லெட் கிரிஸ்டல் என்று எழுத குறைந்தது 24% ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். ஈயம் சேர்ந்தால் கண்ணாடிக்கு மினுமினுப்பு கூடும், வெட்டி வேலைப்பாடு செய்வதும் சுலபம். ஆனால் பானம் நாள்கணக்கில் அதில் கிடந்தால் ஈயம் மெல்லக் கசியும். அரை மணி நேரத்தில் காலியாகும் மார்டினிக்கு இது பெரிய கவலை இல்லை; மதுவை ஊற்றிச் சேமிக்கும் டிகேன்டருக்குத்தான் கவலை.

இருந்தாலும் புதிதாக வாங்குபவர்கள் ஈயமில்லாத கிரிஸ்டலுக்கே போகலாம். ஈயத்துக்குப் பதில் துத்தநாகம், பேரியம், டைட்டேனியம் போன்றவற்றின் ஆக்சைடுகள் சேர்ப்பார்கள். ஸ்வீசல் நிறுவனத்தின் டிரைட்டன் இந்த வகைதான். சுண்டினால் 'டிங்' என்று கேட்கிறதே, அது ஈயத்துக்கு அடையாளம் இல்லை. ஈயமில்லாததும் அப்படி ஒலிக்கும். லேபிளைப் படியுங்கள்.

படி 4: விளிம்பு

விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். தடித்த உருட்டு விளிம்பு என்றால் வைத்துவிடுங்கள். மெல்லிசாக, சொரசொரப்பில்லாமல் இருக்க வேண்டும்.

படி 5: குளிர்விப்பதும் கழுவுவதும்

ஈயமில்லாத கிளாஸை ஈரமில்லாமல் துடைத்து, ஊற்றுவதற்கு 15, 20 நிமிடம் முன்பு ஃப்ரீசரில் வையுங்கள். லெட் கிரிஸ்டல் என்றால் ஃப்ரீசர் வேண்டாம். ஐஸும் தண்ணீரும் நிரப்பி வைத்து, ஊற்றும்போது கொட்டிவிட்டால் போதும். பாத்திரம் கழுவும் மெஷினிலும் அதைப் போடாதீர்கள்.

துடைக்கும்போது ஒரு கையில் அடித்தட்டு, மறு கையில் கிண்ணம் என்று பிடித்துத் திருகினால் காம்பு 'டக்'கென்று போய்விடும். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே பிடியுங்கள். எதற்கும், தனியாக ஒன்றிரண்டு கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒன்று உடைந்தால் செட்டையே மாற்ற வேண்டியிருக்காது.